பழைய வழக்கை எப்படிச் சொல்வது: வெளிநாட்டில் குழந்தைகளுடன் பணிபுரியப் போகிறவர்களுக்கு

பன்னாட்டுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களையும் விடுதிக் காப்பாளர்களையும் தேர்வு செய்யும் அலுவலகத்தில், பின்னணிச் சரிபார்ப்புக் கோப்புகளைப் படித்துக் கையெழுத்திடுவது என் வேலை. கையெழுத்திட மறுத்த கோப்புகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் கொடிய குற்றம் எதுவும் இருந்ததில்லை. விண்ணப்பத்தில் "இல்லை" என்று எழுதியிருப்பார். சில வாரம் கழித்து வரும் சான்றிதழில் "உண்டு" என்றிருக்கும். இருபது வயதில் நடந்த கைகலப்புக்கு விதித்த அபராதத்தைப் பள்ளி பொறுத்துக்கொண்டிருக்கும். நாற்பது வயதில் தெரிந்தே எழுதிய அந்த "இல்லை"யைப் பொறுக்காது.

ஆகவே, எங்கோ ஒரு பழைய வழக்கு, ஒரு கைது, ஒரு காவல்துறை எச்சரிக்கை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர், குழந்தைப் பராமரிப்பாளர், கோடைக்கால முகாம் வழிகாட்டி, சில வாரம் மட்டும் போகும் தன்னார்வலர் என யாராக இருந்தாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கதவை மட்டும் முதலிலேயே சாத்திவிடுகிறேன். குழந்தைக்கு எதிரான குற்றம் உங்கள் பதிவில் இருந்தால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. வேறு தொழில் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தைகளுக்கான தடைப் பட்டியலில் உள்ளவர் இத்தகைய பணிக்கு விண்ணப்பிப்பதே தனிக் குற்றம்.

கேள்விகள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கின்றன

"பதினைந்து வருடத்துக்கு முந்தைய அபராதத்தை இன்னுமா கேட்பீர்கள்?" என்று விண்ணப்பதாரர்கள் எரிச்சலோடு கேட்பதுண்டு. வில்லியம் வேஹி என்ற அமெரிக்க ஆசிரியரைப் பற்றிச் சொன்னால் அந்த எரிச்சல் கொஞ்சம் அடங்கும். 1969இல் கலிஃபோர்னியாவில் சிறுவர்களிடம் பாலியல் குற்றம் புரிந்ததற்காகத் தண்டனை பெற்றவர் அவர். அதன்பின் நாற்பதாண்டுக்கும் மேலாக மத்தியக் கிழக்கு, ஐரோப்பா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று பன்னாட்டுப் பள்ளிகளில் வேலை பார்த்தார். 2014இல் நிகராகுவாவில் அவருடைய பென் டிரைவ் ஒன்று வேறொருவர் கைக்குப் போனபோதுதான் உண்மை வெளிவந்தது. அத்தனை பள்ளிகளில் ஒன்றுக்கும் அந்த 1969ஆம் ஆண்டுத் தண்டனை தெரிந்திருக்கவில்லை. அதே 2014இல் பன்னாட்டுப் பள்ளிகளின் அமைப்புகள் சேர்ந்து குழந்தைப் பாதுகாப்புக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தன. இன்று நீங்கள் நிரப்பும் நீண்ட படிவங்களில் பல கேள்விகள் அந்த அதிர்ச்சிக்குப் பின் வந்தவை.

இங்கிலாந்தில் அதற்கு முன்பே இன்னொரு பாடம் கிடைத்திருந்தது. 2002இல் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவன் ஒரு பள்ளியின் பராமரிப்பாளன். அவன்மீது வேறொரு வட்டாரக் காவல்துறையிடம் பல புகார்கள் குவிந்திருந்தன; குழந்தைகளிடம் பாலியல் குற்றம் புரிந்ததாக எதிலும் தண்டனை ஆகவில்லை. காவல்துறையின் பதிவிலும் சரிபார்ப்பிலும் நேர்ந்த கோளாறுகளால் அந்தத் தகவல் பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. 2004இல் பிச்சார்ட் விசாரணை அறிக்கை வந்தது, 2006இல் புதிய சட்டம் வந்தது. தண்டனை ஆகாத விஷயங்களையும் காவல்துறை தேவையென்று கருதினால் சான்றிதழில் சேர்க்கலாம் என்ற ஏற்பாடு அதற்கு முன்பே சட்டத்தில் இருந்தது; அது ஏன் முக்கியம் என்று காட்டியது இந்த வழக்கு. "எனக்குத் தண்டனையே ஆகவில்லையே" என்பது சில நாடுகளில் முழு பதிலாகாது என்று நான் சொல்வதன் காரணமும் இதுவே.

முதலில் உங்கள் பதிவை நீங்களே பாருங்கள்

நினைவை நம்பாதீர்கள். பழைய வழக்கைப் பற்றி ஆட்கள் சொல்வதும் காகிதத்தில் இருப்பதும் ஒத்துப்போவது அபூர்வம். "எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்" என்பார். ஆவணத்தில் அது முறையான காவல்துறை எச்சரிக்கையாகப் பதிவாகியிருக்கும். "வழக்குத் தள்ளுபடி" என்பார். பார்த்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருப்பார். எதிர்த்திசையிலும் நடக்கும்: தண்டனை என்று பல ஆண்டுகள் நினைத்துப் பயந்து கிடந்தது வெறும் விசாரணையாக இருந்திருக்கும்.

பிரிட்டனில் வாழ்ந்திருந்தால், காவல்துறைக் கணினியில் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்பதைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆக்ரோ என்ற குற்றப் பதிவு அலுவலகத்திடம் நீங்களே கேட்டுப் பெறலாம். கட்டணம் இல்லை. அதில் கிடைப்பது முழுப் பதிவு. வேலைக்கான சான்றிதழில் வருவதைவிட அதிகமாக இருக்கும். அது உங்கள் கண்ணுக்கு மட்டும். வேலை கொடுப்பவர் "அதை வாங்கி வந்து காட்டு" என்று கட்டாயப்படுத்தினால் 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்தான் குற்றவாளி. கேட்கும் முகவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அமெரிக்காவில் எஃப்பிஐ கைரேகை அடிப்படையில் தரும் அறிக்கையைச் சம்பந்தப்பட்டவரே தனக்காக விண்ணப்பித்துப் பெறலாம். அதில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். கைது செய்த விவரம் இருக்கும். வழக்கு என்னவாயிற்று என்ற வரி காலியாக இருக்கும். நீதிமன்றம் தீர்ப்பைத் தெரிவிக்காமல் விட்டிருக்கும். படிக்கிறவர் கண்ணுக்கு அது முடியாத வழக்கு போலத் தோன்றும். நீதிமன்றத்திலிருந்து தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, பதிவைத் திருத்தக் கோருங்கள். அது நடக்கும்வரை நகலைக் கையில் வைத்திருங்கள்.

இந்தியாவில் நடந்த வழக்கு என்றால் முதல் தகவல் அறிக்கையின் எண், காவல் நிலையம், பிரிவுகள், குற்றப்பத்திரிகை தாக்கலானதா, நீதிமன்றத்தின் இறுதி உத்தரவு என்ன ஆகியவற்றைச் சேகரியுங்கள். விடுதலை, உயர் நீதிமன்றத்தில் ரத்து, சமரசத்தில் முடிந்தது, காவல்துறையே "மேல் நடவடிக்கை இல்லை" என்று மூடியது ஆகிய நான்கும் வேறு வேறு. "கேஸ் முடிஞ்சுபோச்சு" என்று வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னது ஆவணம் ஆகாது. சான்றிட்ட நகல்தான் ஆவணம். வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால் நிலைமை வேறு. குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவருக்குப் பாஸ்போர்ட் மறுக்க 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் இடம் தருகிறது; நீதிமன்றம் வெளிநாடு செல்ல அனுமதித்தால் மட்டுமே 1993ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி விலக்கு. முதலில் நீதிமன்றம், பிறகு பள்ளி.

கேள்வியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

என் அனுபவத்தில் மிகுதியான தவறுகள் விளைவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

"குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்பது ஒரு கேள்வி. "எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா?" என்பது இன்னொன்று. "குற்றம் சாட்டப்பட்டிருக்கிறீர்களா?", "விசாரணை நிலுவையில் உள்ளதா?", "குழந்தைகள் தொடர்பான புகாரோ ஒழுங்கு நடவடிக்கையோ உங்கள்மீது எடுக்கப்பட்டதுண்டா?" என்பவை வேறு வேறு. கடைசிக் கேள்விக்கும் நீதிமன்றத்துக்கும் தொடர்பே இல்லை; முந்தைய பள்ளியில் நடந்த உள் விசாரணைகூட அதில் அடங்கும். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கேட்காததைக் கொட்டவும் வேண்டாம், கேட்டதைச் சுருக்கவும் வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 2009இல், தன் 22ஆம் வயதில், இங்கிலாந்தில் கடைத் திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்டு அபராதம் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். வேறு எதுவும் இல்லை. அங்கே 1974ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம், குறிப்பிட்ட காலம் கடந்த தண்டனையைச் சாதாரண வேலைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. குழந்தைகளுடனான பணிக்கு இந்தச் சலுகை இல்லை என்று 1975ஆம் ஆண்டு விலக்காணை சொல்கிறது. ஆனால் அதற்குள்ளும் ஒரு வடிகட்டி இருக்கிறது: வயது வந்தவருக்குச் சிறையில்லாத தண்டனை விதிக்கப்பட்டு 11 ஆண்டுகள் கடந்திருந்தால், குற்றம் தனிப் பட்டியலில் உள்ள கடுமையான வகையைச் சேராததாக இருந்தால், டிபிஎஸ் என்ற குற்றப் பதிவுச் சரிபார்ப்பு அமைப்பு வேலைக்காகத் தரும் உயர்நிலைச் சான்றிதழில் அது வராது; பள்ளியிடம் சொல்லவும் தேவையில்லை. வயது வந்தவருக்கான காவல்துறை எச்சரிக்கைக்கு 6 ஆண்டுகள். 18 வயதுக்குள் நடந்த தண்டனைக்கு ஐந்தரை ஆண்டுகள். 2020 நவம்பர் 28 முதல் விதி இன்னும் தளர்ந்தது: ஒன்றுக்கு மேற்பட்ட தண்டனை இருந்தால் எல்லாமே வெளிவரும் என்ற பழைய நிபந்தனை போயிற்று, சிறுவயது எச்சரிக்கைகள் தானாக வெளிவருவதும் நின்றது.

ஆக, அந்த நபர் இங்கிலாந்துப் பள்ளியின் படிவத்தில் "வடிகட்டப்படாத தண்டனை உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதலாம். உண்மை. அதே நபர் அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் "உண்டு" என்றுதான் எழுத வேண்டும். மன்னிப்போ பொதுமன்னிப்போ கிடைத்திருந்தாலும் கைதையும் தண்டனையையும் சொல்லச் சொல்கிறது அது. அதுவும் உண்மை. பிரிட்டனின் விசாப் படிவத்திலும் காலங்கடந்த தண்டனை என்ற சலுகை இல்லை; குடியேற்ற முடிவுகளுக்கு அந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. ஒரே மனிதர், ஒரே சம்பவம், மூன்று படிவம், இரண்டு விதமான சரியான பதில்கள். "பள்ளிக்கு இல்லை என்று எழுதினேனே, விசாவுக்கும் அப்படியே எழுதுவோம்" என்று நகலெடுத்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பிரிட்டன் விசா விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவானால் பத்து ஆண்டுகள் வரை மீண்டும் விசா கிடைக்காமல் போகலாம். ஒரு கடைத் திருட்டு அபராதத்துக்கு இது மிகப் பெரிய விலை.

ஆஸ்திரேலியாவில் காலங்கடந்த தண்டனை, சிறுவயதுப் பதிவு என்ற திரைகளெல்லாம் குழந்தைகளுடனான பணிக்கான சோதனையில் பெரும்பாலும் விலகிவிடும். அங்கே நாடு முழுவதற்கும் ஒரே அனுமதி அட்டையும் இல்லை, மாநிலத்துக்கு ஒன்று. நியூ சவுத் வேல்ஸில் ஐந்து ஆண்டு செல்லும். குயின்ஸ்லாந்தில் "நீல அட்டை", மூன்று ஆண்டு; 2020 ஆகஸ்ட் 31 முதல் அட்டை கைக்கு வராமல் ஊதியப் பணியை ஒரு நாள்கூடத் தொடங்க முடியாது. ஸ்காட்லாந்தில் இத்தகைய பணிக்குப் பிவிஜி என்ற பின்னணிச் சரிபார்ப்புத் திட்டத்தில் உறுப்பினராவது 2025 ஏப்ரல் முதல் சட்டக் கட்டாயம். அயர்லாந்தில் கார்டா என்ற தேசியக் காவல்துறை இந்தச் சோதனையை நடத்துகிறது. ஜெர்மனியில் சிறுவர்களுடன் பணிபுரிபவர்களுக்கென விரிவாக்கப்பட்ட நடத்தைச் சான்றிதழ் தனியாக இருக்கிறது. அதை வாங்க வேலை கொடுப்பவரின் எழுத்துக் கடிதம் வேண்டும்.

சிறுவயதுப் பதிவு பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சட்டத்துக்கு முரண்பட்ட சிறுவருக்கு அந்தத் தீர்ப்பினால் எதிர்காலத் தகுதியிழப்பு எதுவும் வரக்கூடாது என்கிறது; கொடுங்குற்றத்துக்காக வயது வந்தவரைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்குச் சில விலக்கு. அந்தப் பாதுகாப்பை வெளிநாட்டுப் படிவம் ஒன்று மதிக்குமா என்பது அந்த நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. இந்த ஓரிடத்தில் நண்பரையோ முகவரையோ கேட்காமல் வழக்கறிஞரைக் கேளுங்கள். பிரிட்டன் சம்பந்தப்பட்ட பதிவென்றால் அன்லாக், நாக்ரோ என்ற இரண்டு தொண்டு நிறுவனங்கள் இதற்கென்றே ஆலோசனை தருகின்றன.

எந்த நாட்டிலிருந்தெல்லாம் சான்றிதழ்

வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் என்று எண்ணிக்கொண்டால் பிழை வராது. எழுத்தில் உள்ள விதிகள் இப்படி: பிரிட்டனின் திறன்சார் பணி விசாவில் கல்விப் பணிகளுக்கு, கடந்த பத்தாண்டுகளில் வயது வந்தபின் மொத்தமாக 12 மாதமோ அதற்கு மேலோ வசித்த நாடுகளின் சான்றிதழ் தேவை. ஆஸ்திரேலியாவிலும் பத்தாண்டு, 12 மாதம் என்ற கணக்கே. ஆனால் 16 வயதிலிருந்து. கனடாவின் நிரந்தரக் குடியேற்றத்துக்குத் தொடர்ச்சியாக ஆறு மாதம் வசித்திருந்தாலே போதும், கேட்பார்கள். பள்ளிகள் இதைவிடக் கடுமையாகக் கேட்கலாம்; மூன்று மாதம் தங்கிய நாட்டுக்கும் நான் கேட்டதுண்டு. டிபிஎஸ் சான்றிதழ் பிரிட்டனுக்கு வெளியே நடந்ததைப் பெரும்பாலும் காட்டாது. "டிபிஎஸ் இருக்கிறதே, வேறெதற்கு?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

பிரிட்டனில் வாழ்ந்துவிட்டு வேறு நாட்டில் குழந்தைகளுடன் பணிபுரியப் போகிறவர்களுக்கென ஐசிபிசி என்ற சர்வதேசக் குழந்தைப் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது. ஆக்ரோவும் தேசியக் குற்ற முகமையின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவும் சேர்ந்து தருவது. தண்டனை விவரத்தோடு நிற்காமல் புலனாய்வுத் தகவல்களையும் தேடிப் பார்ப்பது இதன் சிறப்பு. வெளிநாட்டுப் பள்ளி டிபிஎஸ் கேட்டால், பெரும்பாலும் அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

விசாவுக்காக ஆக்ரோ தரும் காவல்துறைச் சான்றிதழில் ஒரு சொற்றொடரைக் கவனியுங்கள். எதுவுமே இல்லாதவருக்கு "நோ டிரேஸ்" என்று வரும். ஏதோ ஒன்று இருந்து, காலம் கடந்ததால் வெளியிடப்படாமல் ஒதுக்கப்பட்டிருந்தால் "நோ லைவ் டிரேஸ்" என்று வரும். அதாவது, சுவடு உண்டு, உயிரோடு இல்லை. நடுவில் நிற்கும் அந்த ஒரு சொல்லை விண்ணப்பதாரர்கள் கவனிப்பதில்லை. நாங்கள் கவனிப்போம், தூதரக அதிகாரியும் கவனிப்பார். இந்தச் சொல் வரும் என்று முன்பே தெரிந்தால், கேட்டவுடன் சொல்லத் தயாராக ஒரு விளக்கக் கடிதம் வைத்திருங்கள்.

இந்தியாவில் வசித்தவர்கள் பாஸ்போர்ட் சேவை வழியாகவோ, வெளிநாட்டில் இருந்தால் தூதரகம் வழியாகவோ காவல்துறைத் தடையின்மைச் சான்றிதழ் பெறலாம். நிலுவை வழக்கு இருந்தால் உள்ளூர்ச் சரிபார்ப்பில் நின்றுவிடும். முடிந்த வழக்கு என்றால் உத்தரவின் நகலை விண்ணப்பத்தோடு எடுத்துச் செல்லுங்கள்.

பெயர் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். சில நாடுகளில் பதிவுகள் கைரேகையில் நிற்கின்றன; பல நாடுகளில் பெயரிலும் பிறந்த தேதியிலும்தான். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், கல்விச் சான்றில் இன்னொன்று, முதலெழுத்து விரிந்து ஒரு இடத்தில் குடும்பப் பெயரானது, திருமணத்துக்குப் பின் மாறியது என எல்லாப் பெயர்களையும் எல்லாப் படிவங்களிலும் எழுதுங்கள். ஒரு பெயரை விட்டால் அதை மறைத்ததாகவே படிப்பார்கள்.

சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்கும் அரசுச் சான்று, தேவையா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்தன. பழைய வழிகாட்டிகளில் அந்த நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் என்று இன்னும் எழுதியிருக்கும். தென் கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசாவுக்கு அப்போஸ்டில் இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம். எது அதிக நாள் எடுக்குமோ அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள், எளிதானதற்குக் கடைசியில். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பிறகு முதலில் வாங்கிய சான்றிதழ் பழையதாகிவிட்டது என்று மறுபடி அலைகிறார்கள்.

வெளிப்படுத்தும் கடிதம்

ஒரு பக்கம் போதும். நான் விரும்பிப் படித்த கடிதங்கள் எல்லாமே குறுகியவை. அமைப்பு ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"2008ஆம் ஆண்டு, எனக்கு 21 வயது. ஒரு விருந்தில் ஏற்பட்ட வாய்த்தகராறில் ஒருவரைத் தள்ளினேன். அவர் விழுந்து கையில் காயமடைந்தார். காயம் விளைவித்ததாக என்மீது வழக்குப் பதிவானது. நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டேன். அபராதம் விதிக்கப்பட்டது, செலுத்திவிட்டேன். சிறைத் தண்டனை இல்லை. அதற்கு முன்போ பின்போ வேறு வழக்கு எதுவும் இல்லை. 2012 முதல் பள்ளிகளில் பணிபுரிகிறேன். பணியில் சேரும்போதே நிர்வாகத்திடம் இதைத் தெரிவித்திருக்கிறேன். தீர்ப்பின் நகலை இணைத்துள்ளேன். இது பற்றிய கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்."

"நிர்வாகத்திடம் தெரிவித்திருக்கிறேன்" என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். முந்தைய பள்ளியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பேன்.

இந்தக் கடிதத்தில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். "பொய் வழக்கு" இல்லை. "சந்தர்ப்ப சூழ்நிலை" இல்லை. எதிராளி எப்படிப்பட்டவர் என்ற விவரணை இல்லை. மனம் திருந்திய கதை இல்லை. குற்றத்தின் பெயர் தீர்ப்பில் உள்ளபடியே இருக்கிறது. "சின்னத் தகராறு" என்று குறைக்கவில்லை. தேதி, வயது, நடந்தது, முடிவு, அதன்பின் வாழ்க்கை, இணைப்பு. அவ்வளவுதான். உண்மையிலேயே பொய் வழக்காக இருந்து நீதிமன்றம் விடுவித்திருந்தால், அதை நீங்கள் சொல்ல வேண்டாம். தீர்ப்பின் அந்தப் பத்தியை மேற்கோள் காட்டுங்கள். நீதிபதியின் சொல்லுக்கு உள்ள எடை உங்கள் சொல்லுக்கு வராது. ஆவணம் வேறு மொழியில் இருந்தால் சான்று பெற்ற மொழிபெயர்ப்பை இணையுங்கள். நீங்களே மொழிபெயர்த்தது செல்லாது.

எப்போது, யாரிடம்

முதல் விண்ணப்பத்திலேயே எழுதித் தள்ள வேண்டாம். இங்கிலாந்தின் பள்ளிகளுக்கான குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டுதல், குறுகிய பட்டியலுக்கு வந்தவர்களிடம் மட்டும் சுய அறிவிப்பைக் கேட்கச் சொல்கிறது; நேர்காணலில் அதைப் பற்றிப் பேச இடம் இருக்க வேண்டும் என்பதற்காக. அதே ஒழுங்கைப் பல பன்னாட்டுப் பள்ளிகளும் பின்பற்றுகின்றன. படிவம் எப்போது கேட்கிறதோ அப்போது சொல்லுங்கள். கேட்காமலே பணி ஆணை வரும்போல் இருந்தால், ஆணைக்கு முன்பு நீங்களே சொல்லுங்கள். சான்றிதழ் வந்தபின் சொல்வது வெளிப்படுத்துவதல்ல, பிடிபடுவது.

கடிதத்தை முகவரின் கைபேசிக்கு அனுப்பாதீர்கள். பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் அல்லது தலைமை ஆசிரியர், அவர் பெயரிட்ட உறை அல்லது தனி மின்னஞ்சல். யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்காக யாரும் உங்களைத் தவறாக எண்ணக்கூடாது. எண்ணினால் அந்தப் பள்ளியைப் பற்றி நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டீர்கள். அதேபோல், எந்தச் சான்றிதழும் கேட்காமல், எந்தக் கேள்வியும் இல்லாமல் குழந்தைகள் இல்லத்துக்குத் தன்னார்வலராக வரச் சொல்லும் அமைப்பிடம் போகாதீர்கள். உங்களிடம் கேட்காதவர்கள் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதன்பின் ஒரு சந்திப்பு இருக்கும். குற்றத்தின் தன்மை, அது இந்தப் பணியோடு தொடர்புடையதா, அப்போது வயது என்ன, எவ்வளவு காலம் ஆயிற்று, ஒரு முறையா பல முறையா, இன்று அதைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்றுதான் பார்ப்போம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பழைய வழக்கு உள்ளவரைக் கணித ஆசிரியராக எடுக்கத் தயங்க மாட்டேன்; மாணவர்களை ஏற்றிச் செல்லும் வாகனத்தை அவரிடம் கொடுக்கத் தயங்குவேன். வன்முறை வழக்கென்றால் ஒன்றா, இரண்டா என்பதுதான் என் முதல் கேள்வி. போதைப்பொருள் வழக்கில் பள்ளி சம்மதித்தாலும் பல நாடுகளின் விசா அதிகாரி சம்மதிப்பதில்லை. வேலையை ராஜினாமா செய்வதற்கு முன் விசாவை உறுதி செய்துகொள்ளுங்கள். பேச்சின்போது கடிதத்தில் உள்ளதையே சொல்லுங்கள். புதிய விவரம் ஒன்று அங்கே முளைத்தால், இன்னும் எத்தனை பாக்கி என்றே தோன்றும்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சான்றிதழில் உள்ள தகவலே தவறு என்றால், டிபிஎஸ், ஆக்ரோ, எஃப்பிஐ எல்லாவற்றிலும் திருத்தம் கோரும் முறை இருக்கிறது. ஆஸ்திரேலிய மாநிலங்களில் மறுப்புக்கு எதிராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தகவல் சரி, முடிவுதான் கசப்பு என்றால் அடுத்த பள்ளி. ஒரு பள்ளி மறுத்த கோப்பை இன்னொரு பள்ளி ஏற்றதைப் பார்த்திருக்கிறேன். கோப்பில் ஒரு சொல்கூட மாறவில்லை.

பணியில் சேர்ந்தபின்னும் ஒப்பந்தத்தைப் படியுங்கள். புதிய கைதையோ விசாரணையையோ உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஒப்பந்தம் முடிந்து அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அங்குள்ள காவல்துறைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வசிப்பு அட்டை செல்லுபடியாகும்போது எளிதாகக் கிடைப்பது, நாட்டை விட்டு வந்தபின் கைரேகை, தூதரகம், அதிகாரப் பத்திரம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். வாங்கியதை அசல் தீர்ப்பு நகல்களோடும் அந்தக் கடிதத்தின் பிரதியோடும் ஒரே உறையில் வையுங்கள். அடுத்த பள்ளிக்கும் இதே கடிதம்தான் போக வேண்டும்.